வழக்கத்துக்கு மாறான அளவு

குடிநீர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், தண்ணீர் மீட்டர் அளவுகளைச் சரிபார்க்கும் மேசையில், இருபத்தாறு வருஷமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரே. அவருக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது, சொல்லப்போனால் பெருமை. குரல் உயராத மனிதர், யார் வந்து என்ன கத்தினாலும் "உட்காருங்க, பேசலாம்" என்று சொல்லுகிற மனிதர். கடைசிவரை பேசமாட்டார் என்பது வேறு விஷயம்.

அவருடைய வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்த காரியம் விளங்காது. வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து ஆட்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். மாதம் இருபது யூனிட் ஓடுகிற வீட்டில் திடீரென்று ஒரு மாதம் அறுபது என்று வரும். அப்படி வந்தால், பார்த்தவன் தப்பாகப் பார்த்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு, அறுபதை அடித்துவிட்டுப் பழைய சராசரியான இருபதையே எழுத வேண்டும். ஓரத்தில் பச்சை மையில் 'வழக்கத்துக்கு மாறான அளவு, ஏற்கப்படவில்லை' என்று ஒரு குறிப்பு. மூன்று மாதம் தொடர்ந்து அப்படியே வந்தால் ஆளனுப்பிப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஐஸ்பெட்டிக்கு அந்த விதி மட்டும் ஆகாது. ஆளனுப்பினால் தகராறு வரும். ஒரு வீட்டில் பூமிக்கடியில் குழாய் உடைந்து பதினோரு மாதம் தண்ணீர் ஓடியது. பதினோரு மாதமும் சராசரி போட்டார் புண்ணியவான். பன்னிரண்டாம் மாதம் பக்கத்து வீட்டுச் சுவர் அடியோடு சாய்ந்தது. மேலதிகாரி குதித்தபோது, "சுவர் நம்ம பிரிவுல வராது சார்" என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதியைப் பார்த்து, குதித்தவருக்கே வெட்கமாகப் போய்விட்டதாம்.

ஒரு மனிதருக்கு இவ்வளவு குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டில் ஒருத்தி அவருக்கும் சேர்த்துக் கொதித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் ரகசியம்.

கூரை ஒழுகினால் இவர் வீட்டு ஓனரிடம் போய், "பரவாயில்லைங்க, உங்களுக்கு முடியும்போது பாருங்க" என்று சொல்லிவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம், "அந்த ஆள் பிடிகொடுக்க மாட்டேங்குறார். நீ ஒரு வார்த்தை கேளேன்" என்பார். அவள் ஒரு வார்த்தையோடு நிற்கிறவள் இல்லை. தெருவே ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்கும். மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நிற்பார். இவர் படிக்கட்டில் ஓனரைப் பார்த்து, "அவ கொஞ்சம் அப்படித்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்று கைகூப்புவார். கூரையும் அடைபட்டது, நல்ல பெயரும் கிடைத்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மகளுக்குப் பள்ளியில் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டிவிட்டார்களா, அவள் போவாள். சிலிண்டர் எடை குறைந்ததா, அவள் போவாள். இவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனபோது ஊழியர் சங்கத்து வாசலில் போய் நின்று கத்தியதும் அவள்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நீராவி இஸ்திரி மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிற பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூலாவது வேண்டும் என்று ஏழு மாதம் சண்டை போட்டுப் பதினாறு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தவள். அந்தப் பெண்கள் அவளைத் தெய்வமாகப் பார்த்தார்கள். வீட்டில் அவளுக்குப் பெயர் குக்கர். வைத்தது ஐஸ்பெட்டியின் அக்கா. அந்த அம்மாள் போன் பண்ணினால் முதல் கேள்வியே, "என்ன தம்பி, இன்னிக்கு எத்தனை விசில்?" என்பதுதான். இவர் அடக்கமாகச் சிரிப்பார்.

இப்படியிருக்கும்போது, அலுவலகத்தில் ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ரத்தக் கொதிப்பு முகாம் ஒன்று நடத்தினார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஆயுர்வேதப் பிரிவிலிருந்து டாக்டரம்மா ஒருவர் வந்திருந்தார். வெளியே இரண்டு நர்ஸுகள் கையில் பட்டையைச் சுற்றி அளந்து டோக்கன் எண்ணோடு சீட்டில் எழுதுவது. அளவு கூடினவர்களை டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு நாடி பார்த்து, பத்தியமும் மருந்தும் சொல்வது. ஐஸ்பெட்டியின் டோக்கன் நாற்பத்தொன்று. மனைவிக்கு நாற்பத்திரண்டு. இரண்டையும் வாங்கிக் கையில் வைத்திருந்தவர் இவர்தான்; அவள் எண்ணைப் பார்க்கவில்லை.

நர்ஸ் இவர் கையை இரண்டு தடவை அளந்தாள். "கொஞ்சம் கூடவே இருக்கு சார். டாக்டரம்மாவைப் பார்க்காமப் போயிடாதீங்க" என்றாள். இவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் மருந்து கொடுக்கும் சன்னலில் சீட்டுகள் வந்தன. நாற்பத்தொன்றில் நூற்றெழுபத்தெட்டு, கீழே நூற்றுப்பத்து. நாற்பத்திரண்டில் நூற்றுப்பன்னிரண்டு, எழுபத்திநாலு.

அந்த நோய்க்கு நம் மொழியில் யாரோ கொதிப்பு என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அழுத்தம் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஐஸ்பெட்டி ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். கொதிப்பு என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? இருபத்தாறு வருஷமாகக் கொதிக்காமல் இருந்து சம்பாதித்த பெயர் என்னாவது? நாளைக்கே ஆபீஸ் பூராவும் ஐஸ்பெட்டிக்குக் கொதிப்பாம் என்று சிரிக்காதா? சிரிக்கும். அவரே வேறு யாருக்காவது வந்திருந்தால் சிரித்திருப்பார்.

சன்னலிலிருந்து மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்குள் விஷயத்தை முடித்துவிட்டார். அங்கே அவள், வரிசையில் இடையில் புகுந்த ஓர் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கூடத்தின் மறுகோடி வரை கேட்டது. ஐஸ்பெட்டி அவளைப் பார்த்தார், கையிலிருந்த இரண்டு சீட்டுகளையும் பார்த்தார். நர்ஸ் மாற்றி எழுதிவிட்டாள். இதற்கு மேல் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொய் சொல்லப்போகிறோம் என்று அவர் நினைக்கவேயில்லை. திருத்துகிறோம் என்றுதான் நினைத்தார்.

"நாற்பத்தொண்ணு, உள்ளே வாங்க" என்று சன்னல்காரர் கூப்பிட்டார். ஐஸ்பெட்டி திரும்பிப் போய், மேலே அவசர வேலை இருக்கிறது, மருந்தை மட்டும் கொடுத்துவிடுங்கள், பிறகு வந்து பார்க்கிறேன் என்று அவருக்கே உரிய அமைதியோடு கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் யார்தான் மாட்டேன் என்பார்கள்? டாக்டரம்மா பார்க்காமல் கொடுக்கக்கூடாத மருந்தை அந்த ஆள் எடுத்து நீட்டிவிட்டார். ஏழு நாளைக்குக் கொதிப்பை இறக்கும் சர்ப்பகந்தா மாத்திரை, ஒரு கஷாயப் பொடி, பெயரில்லாமல் நாற்பத்தொன்று என்று எண் மட்டும் போட்ட, பத்தியம் அச்சடித்த ஓர் அட்டை. நாற்பத்திரண்டாம் சீட்டு இவருடைய சட்டைப்பைக்குள் போயிற்று.

"உனக்குக் கொதிப்பு இருக்குதாம்" என்றார் மனைவியிடம்.

அவள் சட்டென்று வாயை மூடினாள். "எனக்கா?"

"நூத்தியெழுபத்தெட்டு" என்று நாற்பத்தொன்றாம் சீட்டை நீட்டினார்.

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஊரையெல்லாம் கேள்வி கேட்கிறவள் இதை மட்டும் கேட்கவில்லை. சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கும். எனக்கு இல்லாம வேற யாருக்கு இருக்கப்போகுது" என்றாள். முப்பது வருஷமாகக் குக்கர் என்று கேட்டுக் கேட்டு, அவளுக்கே அது ஊறிப்போயிருந்தது.

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அட்டையில் என்னென்ன எழுதியிருந்ததோ அதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தாள். நாள் முழுவதற்கும் ஒரே ஒரு தேக்கரண்டி உப்பு. அதைக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துக்கொள்வாள். விடிவதற்குள் எழுந்து முக்கால் மணி நேரம் நடை. இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. படுக்கும் முன் உள்ளங்காலில் எண்ணெய். வறுத்தது, புளித்தது எதுவும் தொடமாட்டாள். கஷாயத்தை மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள். அவள் கைகளை வீசித் தெருவைச் சுற்றுவதை ஐஸ்பெட்டி மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். உப்பில்லாத சமையல் அவருக்கு இறங்கவில்லை. பக்கத்தில் தனியாக ஓர் உப்புப் புட்டி வைத்துக்கொண்டார். ஆபீஸ் மேசை டிராயரில் உப்புக்கடலைப் பொட்டலம் எப்போதும் இருக்கும். காலையில் பின்மண்டை வலித்தது. தலையணை சரியில்லை என்றார். ஒரே மாதத்தில் மூன்று தலையணை மாற்றினார். காதில் ஏதோ ரீங்காரம் கேட்டது. எதிர் வீட்டு மோட்டார் என்று முடிவுசெய்தார்.

அட்டையின் அடியில் கோடு போட்டு ஒன்று எழுதியிருந்தது: ஏழாம் நாள் நேரில் வந்து காட்ட வேண்டும், காட்டாமல் இந்த மாத்திரையைத் தொடரக்கூடாது. ஏழாம் நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ ஏன் அலையறே? நான் ஆபீஸ் போற வழியில கேட்டுட்டு வந்துட்டேன். தொடர்ந்து சாப்பிடச் சொல்லிட்டாங்க" என்றார் ஐஸ்பெட்டி.

"என்னைப் பார்க்காமலேயா?"

"அளவுதான் தெரியுமே அவங்களுக்கு."

அதே அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்குக்கு வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் அட்டையில் கோடு போட்டதைப் படிக்கவில்லை. இவர் படித்திருந்தார். இதுவும் ஒரு திருத்தம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பொய்யைத் திருத்தம் என்று சொல்லிக்கொண்டவனுக்கு இரண்டாவதற்குப் பெயர் தேட வேண்டியிருக்காது.

ஐந்தாவது வாரம் ஆபீஸுக்கு அவர் பெயரில் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தொன்றாம் டோக்கனுக்குரிய நீங்கள் இதுவரை வரவில்லை, உங்கள் அளவு அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல, உடனே வரவும். ஐஸ்பெட்டி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, பச்சைப் பேனாவைத் திறந்து, அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்: 'பார்வையில் கண்ட அளவு வழக்கத்துக்கு மாறானதாகத் தெரிவதால் ஏற்கப்படவில்லை. இத்துடன் இவ்விஷயம் முடித்துவைக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து, தேதி. அனுப்பிவிட்டு உப்புக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அவளிடம் மருந்து வேலை செய்தது. முதலில் சத்தம் குறைந்தது. பிறகு பேச்சே குறைந்தது. ஓனர் வந்து மொட்டை மாடியில் இனிமேல் துணி காயப்போடக்கூடாது என்றார். சரி என்று உள்ளே வந்துவிட்டாள். ஓனரே ஒரு நிமிடம் படியில் நின்று, உடம்புக்கு ஏதாவதா என்று இவரிடம் விசாரித்தார். கதவைத் திறந்தால் அமைதி, மூடினால் அமைதி. ஐஸ்பெட்டிக்குச் சொர்க்கமே வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

அக்கா பார்க்க வந்தாள். வழக்கமாக அவள் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நாத்தனாருக்கும் மனைவிக்கும் முட்டிக்கொள்ளும். அன்று அக்கா மூன்று குத்தல் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

"என்னம்மா, இப்படி ஆளே மாறிட்டே. இப்பத்தான் குடும்பப் பொம்பளை மாதிரி இருக்கே" என்றாள் அக்கா.

"மருந்து சாப்பிடறேன் அண்ணி."

"நல்ல மருந்தா இருக்கே. தம்பி, இதை நிறுத்திடாதே."

"நிறுத்தலக்கா" என்றார் தம்பி.

கல்லூரியில் படிக்கிற மகளுக்கும் முதலில் இது பிடித்துத்தான் இருந்தது. ஏன் லேட் என்று கேட்க ஆளில்லை. ஆனால் மூன்றாவது மாதம் அவள் அப்பாவிடம் வந்து நின்றாள். "அப்பா, அம்மா சிரிக்கவே மாட்டேங்குறா. நேத்து டிவியில ஏதோ காமெடி ஓடுது, வெறிச்சுப் பார்த்துட்டு உக்காந்திருக்கா. பசிக்கலைங்குறா. எப்பப் பார்த்தாலும் மூக்கடைப்பு, வாயைத் திறந்து மூச்சு விடறா. எழுந்தா சுவத்தைப் பிடிச்சுக்கறா. மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்பா."

"கொதிப்பு இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷமா ஏறினது இறங்க வேண்டாமா?" என்றார். எங்கே படித்தார், யார் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அப்பா நிதானமாகச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் ஒரு பழக்கம்.

மனைவியும் ஒருநாள் தானாகவே சொன்னாள். "என்னமோ மாதிரி இருக்குங்க. அழணும் போல இருக்கு, அழுகையும் வரலை. நான் ஏன் இருக்கேன்னு தோணுது." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்தக் கணத்தில் அவர் உள்ளே ஏதோ துணுக்கென்றது. பொய் சொல்லவில்லை, துணுக்கென்றது உண்மைதான். நாற்பத்திரண்டாம் சீட்டு பீரோவில் பழைய சட்டைப் பையில் கிடப்பது ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தூங்கினா சரியாயிடும்" என்றார். அவள் சரி என்று போய்ப் படுத்துக்கொண்டாள். தகராறு இல்லாமல் முடிந்தது.

நான்காவது மாதம் சலவைப் பிரிவுக்குப் புது மேனேஜர் வந்தார். வந்த மூன்றாம் நாள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் வேலை மந்தமாகிறது என்று பதினாறு ஸ்டூல்களையும் எடுத்துக்கொண்டுபோய் ஸ்டோரில் அடுக்கச் சொல்லிவிட்டார். மற்றப் பெண்கள் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியவள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து மெஷினுக்கு முன்னால் நின்றாள். ஒருத்தி பக்கத்தில் வந்து, "என்னக்கா இது?" என்று கிசுகிசுத்தாள். "நான் கோபப்படக் கூடாதுடி, டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாளாம். எந்த டாக்டர் சொன்னார்?

ஐந்து நாள் நின்றாள். ஆறாம் நாள் மதியம், ஒரு படுக்கை விரிப்பை மெஷினில் பரப்பிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி முன்னால் சாய்ந்தாள். கை ஊன்ற வேறு இடமில்லை. வலது உள்ளங்கை முழுவதும் சூடான தட்டில் பதிந்தது. பக்கத்தில் இருந்தவள் இழுத்துப் போட்டிருக்காவிட்டால் முகமும் போயிருக்கும்.

ஐஸ்பெட்டிக்குப் போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், படியேறும்போது பின்மண்டை விண்விண்ணென்று வலித்தது, மூச்சு வாங்கியது. உள்ளே அவள் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தாள். அவசரப் பிரிவு டாக்டர் அளவு எடுத்துவிட்டு, "எண்பத்தாறு, ஐம்பத்திரண்டு. இவ்வளவு கீழே இருக்கே, என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இடது கையால் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் அவர் பக்கத்துக் கட்டடத்திலிருந்த ஆயுர்வேதப் பிரிவுக்கு ஆளனுப்பினார்.

டாக்டரம்மா ஒரு பதிவேடும் ஒரு கோப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். அட்டையைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார்.

"நாற்பத்தொண்ணு ஆண். வயசு ஐம்பத்துநாலு" என்றார். "நீங்க யாரும்மா?"

"நானா? நான் நாற்பத்தொண்ணு" என்றாள் அவள். பிறகு, "இல்லையா?" என்றாள்.

ஐஸ்பெட்டி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா திரும்பி அவரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தார். கையில் பட்டையைச் சுற்றி அளந்தார்கள். நூற்றுத்தொண்ணூற்றிரண்டு, நூற்றுப்பதினெட்டு. இன்னொரு மெஷின் கொண்டுவரச் சொல்லி மறுபடி அளந்தார்கள். அதேதான்.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அது ஐஸ்பெட்டியின் அமைதி போன்ற அமைதி இல்லை. "சர்ப்பகந்தா சும்மா இலை தழை இல்ல சார். அழுத்தத்தை இறக்கும், கூடவே மனசையும் இறக்கும். சிலருக்கு வாழவே பிடிக்காமப் போயிடும். அதனாலதான் ஏழே நாளைக்குக் கொடுத்து, கண்ணால பார்க்கணும்னு எல்லா அட்டையிலயும் போட்டிருக்கேன். மருந்து எடுத்துக் கொடுத்தவரை அப்புறம் கேட்டுக்கறேன். இந்தம்மாவுக்கு எந்த நோயும் இல்ல. நல்லா இருந்தவங்களை நாலு மாசமா இப்படிப் பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு நான் கடிதம் போட்டேனே." கோப்பைத் திறந்து, பச்சை மையில் எழுதியிருந்த பதிலை எடுத்துச் சத்தமாகப் படித்தார். ஏற்கப்படவில்லை, முடித்துவைக்கப்படுகிறது என்ற வார்த்தைகள் அந்த அறையில் கேட்கச் சகிக்கவில்லை. அவசரப் பிரிவு டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர்கள் வெளியே போனபிறகு கேட்டாள்.

"அன்னிக்கு உங்க டோக்கன் எந்த நம்பர்?"

ஞாபகமில்லை என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. எதற்கும் சரியாக வந்து நிற்கிற வார்த்தை. அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"நாற்பத்தொண்ணு."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"மாத்தி எழுதிட்டாங்கன்னு நினைச்சேன். நீதானே எப்பவும் கோபப்படுவே. எனக்குத்தான் வராதே."

"எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வந்துச்சுன்னு ஒருநாளாவது நினைச்சீங்களா? கூரை ஒழுகினா யார் என்னை அனுப்பினது?"

அவர் கட்டிலோரத்து விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"சரி, மாத்தி எழுதிட்டாங்கன்னு நினைச்சீங்க. நான் ஏன் இருக்கேன்னு தோணுதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே. அப்பவுமா மாறிப்போச்சுன்னு நினைச்சீங்க?"

ஐஸ்பெட்டி தரையைப் பார்த்தார்.

"பிடிச்சிருந்துச்சு உங்களுக்கு" என்றாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை; ஏற்றுவதற்கு அவளிடம் தெம்பு இல்லை. "நான் பிணம் மாதிரி இருந்தது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு."

ஆமாம், பிடித்துத்தான் இருந்தது. அவருக்கும் அக்காவுக்கும் ஓனருக்கும் மேனேஜருக்கும் பிடித்திருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். இங்கே இரண்டையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து நல்லவள் என்று பாராட்டினார்கள். முதல் தடவையாக ஐஸ்பெட்டிக்கு, அவள் எழுந்து உட்கார்ந்து கட்டடமே அதிரும்படி ஒரு கத்துக் கத்தமாட்டாளா என்று இருந்தது. அவள் கத்தவில்லை. அவருக்குப் பயம் வந்தது.

நர்ஸ் ஒரு சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, இப்போதே சாப்பிட வேண்டும், நாளைக் காலை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன்" என்றார்.

"இங்கேயே போடுங்க" என்றாள் அவள். தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. "எனக்குப் பழையபடி ஆக ஒரு மாசமாகும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆனதும் முதல்ல உங்களைத்தான் கேப்பேன். தெருவே கேக்கற மாதிரி கேப்பேன். அப்ப நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சீங்கன்னா, பொண்டாட்டி கத்திக் கத்தியே கொன்னுட்டான்னு உங்க அக்கா சொல்லுவாங்க. அந்தப் பேரும் எனக்கு வேண்டாம். முழுங்குங்க."